சி ஃபார் காக்கா

ஒரு காகம் பத்து ரூபாய். ஓசூரில் போன ஆவணி மாத நிலவரம் இது.

காகம் விற்ற கதை இல்லை. ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளி, ஒன்றாம் வகுப்பு. பள்ளியின் பெயர் வேண்டாம். பெயரில் 'குளோபல்' என்று ஒரு சொல் உண்டு, கழிப்பறையில் தண்ணீர் கிடையாது என்று மட்டும் சொல்கிறேன். இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆங்கிலப் பாடம் நடக்கிறது. தாகம் எடுத்த காகம் பானைக்குள் கல் போட்ட அதே பழைய கதை. மிஸ் ஒரு வரி சொல்கிறார், நாற்பது குழந்தைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் கம்பியில் நிஜக் காகம் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஜன்னலோரம் ஒரு டிபன் டப்பா அரைகுறையாகத் திறந்து கிடந்தது. காகம் பானை, கல் என்றெல்லாம் மெனக்கெடவில்லை. தலையை உள்ளே விட்டு இட்லியைக் கவ்விக்கொண்டு போயே போய்விட்டது. இட்லிக்குச் சொந்தக்காரியான ஆறு வயதுப் பெண் துள்ளி எழுந்து கத்தினாள், தன் வீட்டுத் தெலுங்கில்: "காக்கி! காக்கி!"

பத்து ரூபாய் அபராதம். வளாகத்துக்குள் ஆங்கிலம் அல்லாத மொழி பேசியதற்கு.

புத்தகத்தில் காகம், ஜன்னலில் காகம், குழந்தையின் வாயில் காகம். இந்த மூன்றும் ஒன்றுதானடி கண்ணு என்று சொல்ல அந்த அறையில் ஒரு ஆள் இல்லை. 'ஆமாம், அதுதான் க்ரோ' என்று ஜன்னலைக் கைகாட்டியிருந்தால் போதும். நாற்பது பிள்ளைகளுக்கும் அந்தச் சொல் சாகும்வரை மறந்திருக்காது. காசு கொடுத்தாலும் கிடைக்காத கற்பித்தல் உபகரணம் ஒன்று தானே பறந்து வந்து உட்கார்ந்தது. மிஸ் அதற்குப் பில் போட்டார்.

ஓசூர் போனால் நான் தங்குவது ஒரு நண்பரின் வீட்டு மாடியில். கீழே ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக வாடகைக்கு இருக்கிறது, இட்லியைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணின் குடும்பம். அம்மாவுக்கு ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸில் வேலை. விடியலில் போனால் கையெல்லாம் முள் கீறலோடு மாலையில் வருவார். அப்பா மினி லாரி. வீட்டில் பேச்சு தெலுங்கு. எதிர்வீட்டுப் பாட்டியம்மா கன்னடம். பாப்பா பாதி நாள் வளர்ந்தது அவர் மடியில்தான். தெருமுனை வெல்டிங் கடைக்காரர் மகள் இவளுடைய உயிர்த்தோழி, அங்கே உருது. டிவியும் மளிகைக்கடையும் தெருச் சண்டையும் தமிழ். ஆறு வயதுக்குள் இந்தப் பெண் நாலு மொழியில் கேட்கிறாள், கெஞ்சுகிறாள், பொய் சொல்கிறாள், சண்டை போடுகிறாள். யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று ஒரு நொடிகூட யோசிப்பதில்லை; முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாகத் தடம் மாறுகிறது.

பள்ளி நாட்குறிப்பில் இவளைப் பற்றி மிஸ் எழுதியிருந்தது: 'வெரி புவர் இன் லாங்குவேஜ்'.

நாலு வீடு வைத்திருப்பவனைப் பிச்சைக்காரன் என்று எழுதிக்கொடுக்க எந்தத் தாசில்தாருக்கும் தைரியம் வராது. பள்ளிக்கூடத்துக்கு வரும்.

ஒரு சனிக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து எனக்கு அந்தக் காகப் பாடத்தைப் படித்துக் காட்டினாள். அம்மா கேட்டுக்கொண்டதால்தான். "சார், நீங்க ஒரு தடவை கேளுங்க, பாப்பா சூப்பரா படிக்கும்." உண்மைதான், சூப்பராகப் படித்தாள். விரல் வரியின் மேல் ஊர்ந்தது. எங்கும் தட்டவில்லை, தடுக்கவில்லை. காற்புள்ளிக்குக்கூட நின்றாள். எனக்குக் கொஞ்சம் சந்தேகம். அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். இப்போது விரலுக்கு அடியில் இருந்தது போக்குவரத்து விளக்குப் படம். வாய் மட்டும் நிற்கவில்லை. காகம் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டது, தண்ணீர் மேலே வந்தது, காகம் குடித்தது, பறந்தது. விரல் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பச்சைக்கு வந்திருந்தது.

"நல்லா படிச்சியே! க்ரோன்னா என்ன பாப்பா?"

கொஞ்சமும் தயங்கவில்லை. "லெசன் ஃபோர், அங்கிள்."

சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் அடிவயிற்றில் ஏதோ எரிந்தது. இட்லியைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு பறவை. தினமும் காலையில் நாற்பது குரலில் பாடுவது ஒரு பாடம். இரண்டுக்கும் நடுவே யாரும் ஒரு பலகை போடவில்லை. வருஷத்துக்கு 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, போடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

வாசிப்பு என்பது என்ன என்று 1986-இல் இரண்டு பேராசிரியர்கள் ஒரு சூத்திரம் எழுதினார்கள். பிலிப் கோஃப், வில்லியம் டன்மர். (அந்தக் கோஃபை ஆங்கிலத்தில் எழுதினால் ஓ-யு-ஜி-எச் என்று முடியும். அதே நாலு எழுத்து 'த்ரூ'வில் ஒரு மாதிரி, 'தோ'வில் ஒரு மாதிரி, இருமலுக்கான சொல்லில் வேறு மாதிரி. வாசிப்புச் சூத்திரம் கண்டவரின் பெயரையே வாசிக்க முடியாது என்பதுதான் ஆங்கிலத்தின் அழகு.) சூத்திரம் மிக எளிது. எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. ஒலியாகக் கேட்டால் அந்த மொழி புரிகிற திறன் இன்னொன்று. வாசிப்பு என்பது இந்த இரண்டின் பெருக்கல். கவனியுங்கள், கூட்டல் இல்லை. கூட்டல் என்றால் ஒன்று குறைந்தாலும் மற்றது கைகொடுக்கும். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் மறுபக்கம் நூறு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். இதை மூன்றாம் வகுப்பிலேயே கற்றுத் தருகிறார்கள். கற்றுத் தருகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

பாப்பா எழுத்தைக்கூட ஒலியாக்கவில்லை என்பது வேறு விஷயம். அவளுக்கு நடந்தது மனப்பாடம். மணவறையில் புரோகிதர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை உதட்டை அசைப்பாரே, அந்த வகை வாசிப்பு. என்ன சத்தியம் செய்தோம் என்று மாப்பிள்ளைக்கும் தெரியாது, பல நேரம் புரோகிதருக்கும் தெரியாது. ஆனால் கல்யாணம் செல்லும். அப்படியே இவளுக்கும் ஏ பிளஸ் செல்லும்.

'மனப்பாடமா? சேச்சே, இப்போதெல்லாம் போனிக்ஸ் சார்' என்று ஒரு குரல் வரும். தெரியும். போனிக்ஸுக்குத் தனிக் கட்டணம் என்பதும் தெரியும். போனிக்ஸ் தப்பே இல்லை. சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துக் கேட்கப் பழகுவது எந்த மொழி வாசிப்புக்கும் கடைக்கால். ஆனால் ஒரு சங்கதி. தெரிந்த சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு, கூட்டி முடித்ததும் மண்டைக்குள் ஒரு மணி அடிக்கும்: 'அட, இது நம்ம பூனை!' அந்த மணிக்காகத்தான் குழந்தை அடுத்த சொல்லுக்கே போகிறது. தெரியாத சொல்லை எவ்வளவு சுத்தமாக எழுத்துக் கூட்டினாலும் கடைசியில் கிடைப்பது, சுத்தமாக உச்சரிக்கப்பட்ட தெரியாத சொல். மணி அடிக்காது. மிஸ்ஸின் கைத்தட்டல் மட்டும் கேட்கும்.

ஆங்கிலத்தையே தாய்ப்பாலோடு குடித்த பிள்ளைகளுக்கு இது என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்கலாம். டண்டீ பல்கலைக்கழகத்தின் பிலிப் சீமோரும் கூட்டாளிகளும் ஐரோப்பாவின் பதின்மூன்று மொழிகளில் குழந்தைகள் எப்படி வாசிக்கத் தொடங்குகிறார்கள் என்று ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். முதல் வருஷ முடிவில் ஃபின்லாந்துப் பிள்ளைகள் பழகிய சொற்களில் 98% சரியாகப் படித்தார்கள். அவர்கள் மொழியில் எழுதியபடி படிக்கலாம். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள்? 34%. கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம், கனவில் ஆங்கிலம், ஆசிரியருக்கும் ஆங்கிலம். ஒரு வருஷம் முடிந்தபிறகு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் மேல் தப்பில்லை; அந்த எழுத்து முறையே அவ்வளவு கோணல்.

இங்கே எல்கேஜி அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள்: 'ஆறே மாதத்தில் சரளமான ஆங்கிலம்'. ஸ்காட்லாந்துக்காரர்கள் பிள்ளைகளை ஓசூருக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லைபோல.

காகத்துக்குத் திரும்புகிறேன். அதே சனிக்கிழமை, அதே படிக்கட்டு. ஆங்கிலப் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாள். அதிலும் ஒரு காகம். இந்த நாட்டில் பாடநூல் எழுதுகிறவர்களுக்குக் காகத்தின் மேல் என்ன மயக்கமோ. 'கா-க-ம்' என்று எழுத்துக் கூட்டினாள், நிறுத்தினாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், இந்த ரெண்டு 'க'வும் வேற வேற சத்தம் போடுது. ஏன் ஒரே மாதிரி எழுதுறாங்க?"

நான் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன். ஐம்பது வயது தாண்டிவிட்டது. இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றாததற்குக் காரணம் நான் தமிழன் என்பதுதான். என் காதுக்கு அந்த வேறுபாடு உறைப்பதில்லை. அவள் காது தெலுங்குக் காது. தெலுங்கில் நம்முடைய ஒரு 'க'வின் இடத்தில் நாலு எழுத்து இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் அர்த்தமே மாறிவிடும். தெலுங்கில் 'பாட்ட' என்றால் பாட்டு. முதலெழுத்தை அதிர வைத்துச் சொன்னால் பாதை. பாட்டு வேண்டும் என்று கேட்டுப் பாதை கிடைத்தால் குழந்தை அழும் இல்லையா? அதனால் ஆறு வயதுக்குள் அந்தக் காது அவ்வளவு கூர்மையாகிவிடுகிறது. அவள் வீட்டுக் காகத்தில் நடு ஒலி அதிராது. எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டியின் காகத்தில், அந்த 'காகெ'யில், அது அதிர்ந்து ஒலிக்கும். தோழி வீட்டில் 'கவ்வா'. தமிழ்த் தெருவில் 'காக்கா'. (இதை எழுதும்போது எனக்கே சிக்கல். தெலுங்குக் காகத்தைக் 'காகி' என்று எழுதினால் நீங்கள் கன்னடத்துப் பக்கம் சாய்த்துப் படிப்பீர்கள். 'காக்கி' என்று எழுதினால் போலீஸ் வந்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் போலீஸையே கூப்பிட்டேன்.)

சொல்லின் முதலில் ஒரு குணம், நடுவில் ஒரு குணம், 'பக்கம்' என்று இரட்டித்தால் ஒன்று, 'சங்கம்' என்று மெல்லினத்தை ஒட்டிக்கொண்டால் இன்னொன்று. இடம் பார்த்துக் குணம் மாறும் எழுத்து நம்முடையது. இந்த விஷயத்தில் பல அரசியல்வாதிகளுக்கு முன்னோடி. இந்த இரகசியத்தை ஒன்றாம் வகுப்புப் பெண் தானே கண்டுபிடித்துவிட்டாள். மொழியியல் முதுகலையில் இதற்கு ஒரு தாளே உண்டு.

"மிஸ்ஸைக் கேட்டியா?"

"கேட்டேன். வாயைப் பொத்துன்னாங்க."

இங்கேதான் எனக்குக் கொதிக்கிறது. 'சி' என்ற ஆங்கில எழுத்து பூனைக்கான சொல்லில் ஒரு ஒலி, சிட்டியில் வேறு ஒலி. ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி இருக்கலாம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து அது மாறும். இதைப் புரியவைக்கத்தான் போனிக்ஸ் புத்தகங்கள் பக்கம் பக்கமாக முயல்கின்றன. அந்தச் சூட்சுமத்தை இந்தக் குழந்தை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறாள், காகத்திடமிருந்து பிடுங்கியது. 'உங்க காகத்துல பார்த்தியே, அதே கதைதான் இந்தச் சி-யிலும்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இன்னொன்று: ஆங்கிலத்தில் தட்டிக்கொடுக்க ஒரு 'பேட்', கிரிக்கெட்டுக்கு ஒரு 'பேட்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவார்கள். இவள் தடுமாற மாட்டாள், அந்த வேலையைத் தெலுங்கு முன்பே செய்து வைத்திருக்கிறது. ஆங்கில வாசிப்புக்குப் போகிற ரோடு அவள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பள்ளி என்ன செய்தது? வாசலை அடைத்து, மதில் ஏறிக் குதித்து வா என்றது. குதிக்கத் தயங்கினால் அபராதம்.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்றொரு அறிஞர் 1979-இலிருந்து இதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு மொழியில் வாசிக்கக் கற்ற குழந்தை அடுத்த மொழியில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில்லை. எழுத்து என்பது ஒலியைப் பிடித்து வைக்கும் பாத்திரம், கதைக்கு முன்பின் உண்டு, தெரியாத சொல்லைச் சுற்றியுள்ள சொற்களை வைத்து ஊகிக்கலாம் என்பதையெல்லாம் ஒரே ஒரு முறை கற்றால் போதும். புதிதாகக் கற்க வேண்டியது எழுத்துருவும் சொல்லும்தான். நீச்சல் கற்றவனுக்கு ஆறு மாறினால் என்ன, குளம் மாறினால் என்ன. இன்னொன்றும் அவர் சொன்னார்: விளையாட்டுத் திடலில் பேசுகிற அளவு புதுமொழி வர ஒன்றிரண்டு வருஷம் போதும், பாடப்புத்தக மொழி பிடிபட ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். இது ஆங்கிலம் பேசுகிற ஊரில், சுற்றிலும் ஆங்கிலம் காதில் விழும் குழந்தைக்குச் சொன்ன கணக்கு. பாப்பாவுக்கு ஆங்கிலம் காதில் விழுவது மிஸ்ஸின் வாயிலிருந்து மட்டும். மிஸ்ஸின் ஆங்கிலத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். அவருக்குச் சம்பளம் எட்டாயிரம். அந்தக் காசுக்கு அவர் தரும் ஆங்கிலமே அதிகம்.

தமிழ்ப் புத்தகம் மட்டும் யோக்கியமா? நம் வீட்டுக் குப்பையையும் கொஞ்சம் கிளறுவோம். இவள் கையில் இருக்கும் தமிழ்ப் புத்தகம், படிக்கிற எல்லாக் குழந்தையும் தமிழ் பேசிக்கொண்டே பிறந்தது என்ற நினைப்பில் இருக்கிறது. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளையும் தமிழ் படிக்க வேண்டும்; நியாயம், படிக்கட்டும். ஆனால் தளியிலும் பாகலூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கனவு காண்கிற பிள்ளைக்குத் தமிழும் கூடுதல் மொழிதான், ஆங்கிலத்தைப் போலவே. அவளை வாசலில் வந்து கைப்பிடித்து அழைத்துப் போகத் தெரியாத தமிழாசிரியருக்கும் மிஸ்ஸுக்கும் வித்தியாசம், ஒருவர் அபராதம் வாங்குவதில்லை என்பது மட்டுமே. சென்னைக் குழந்தைக்கே பாடம் 'வந்துகொண்டிருக்கிறான்' என்கிறது, வீடு 'வந்துனுகீறான்' என்கிறது. தமிழ்க் குழந்தையே தமிழுக்குள் ஒரு ஆற்றைக் கடந்துதான் புத்தகத்துக்கு வருகிறது. அந்த ஆற்றை நாம் யாரும் பார்ப்பதில்லை, நாமெல்லாம் கடந்தவர்கள் என்பதால்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சட்டம் அருமையாகச் சொல்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்கு மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956-இலேயே அரசியலமைப்பில் 350ஏ சேர்த்தார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பயிற்றுமொழி 'நடைமுறையில் இயன்றவரை' தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 'இயன்றவரை'! நம் சட்டங்களில் கதவைத் தச்சர்கள் பலமாகத்தான் செய்கிறார்கள். கடைசியில் யாரோ வந்து ஒரு 'இயன்றவரை'யை வெட்டிவிட்டுப் போகிறார்கள், யானையே நுழைகிறது. 2014-இல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம், தாய்மொழியில்தான் நடத்த வேண்டும் என்று தனியார் பள்ளியை அரசு கட்டாயப்படுத்த முடியாது, மொழியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர் உரிமை என்றது. சரி, உரிமை. ஆறு வயதுப் பெண்ணுக்குத் தான் படிப்பது புரிய வேண்டும் என்ற உரிமையை யார் பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள். கடைக்காரன் ஓட்டை வாளி விற்கிறான், நல்ல வியாபாரம் ஆகிறது என்று பார்த்த அரசு, தானும் ஓட்டை வாளி வாங்கி இலவசமாகக் கொடுத்தது.

அப்புறம் மேடைகள். 1968-இலிருந்து எங்களுக்கு இருமொழி என்கிறது சென்னை. 2020 கொள்கைப்படி மும்மொழி என்கிறது டில்லி. நடுவில் 2024-25-இல் டில்லி தர வேண்டிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாய் மாட்டிக்கொண்டு நின்றது. இவர் அவரைத் திட்ட, அவர் இவரைத் திட்ட, டிவியில் ராத்திரி ஒன்பது மணிக்கு எட்டுப் பெட்டிகளில் எட்டுப் பேர். இந்தித் திணிப்பை எதிர்க்க வேண்டும், எனக்கு அதில் இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் இரண்டா மூன்றா என்று பெரியவர்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது, ஓசூரில் ஒரு மாடிப்படியில் நாலு மொழியோடு உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. அவளிடம் இருப்பதை எண்ண யாருக்கும் நேரமில்லை. அவளுக்கு எத்தனை கொடுப்பது என்றுதான் சண்டை.

இதன் விளைச்சல் என்ன? 2022 'அசர்' கல்விநிலை ஆய்வறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்பில் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்த பிள்ளைகள் 24.5%. 2016-இல் 24.7%. இடையில் ஆறு வருஷம், எத்தனை ஆங்கிலச் செயலிகள், எத்தனை ஸ்மார்ட் போர்டுகள், எத்தனை போனிக்ஸ் பேக்கேஜ்கள், அப்பா அம்மா அடகு வைத்த எத்தனை தோடுகள். அம்புக்குறி கீழ்ப்பக்கமாகத்தான் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. 'நிபுண் பாரத்' என்று 2021-இல் ஒரு திட்டம் வந்தது; இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் வாசிக்க வேண்டும், பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நம் ஆட்களுக்கு எண் மட்டும் காதில் விழுந்தது. பாப்பாவின் பள்ளியிலும் இப்போது ஸ்டாப்வாட்ச் இருக்கிறதாம். நான் கணக்குப் பார்த்தேன்: போக்குவரத்து விளக்குப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அவள் காகத்தைச் சொன்ன வேகத்துக்குப் பள்ளி முதல் பரிசு நிச்சயம்.

இதெல்லாம் தெரிந்தும் அந்த அம்மா ஏன் அங்கே சேர்த்தார் என்று மாடியில் உட்கார்ந்து கேட்பது எளிது. நானும் கேட்டேன், வெட்கமில்லாமல்.

"சார், எங்க பாலிஹவுஸ்ல முள்ளு குத்திக்கிட்டு பூ வெட்றது நாங்க. ஏசி ரூம்ல உக்காந்து பெட்டில லேபிள் ஒட்டறது ஒரு பொண்ணு. அதுக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்குப் பதினோராயிரம், அதுக்கு இருபத்தஞ்சு. நான் என்ன சார் பண்ணட்டும்?"

என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தால் அது என் பிள்ளைகளை ஆங்கிலவழியில் படிக்க வைத்த வாயிலிருந்து வந்திருக்கும். அவருடைய கணக்கில் பிழை கிடையாது. ஆங்கிலம் வேண்டும், கட்டாயம் வேண்டும். அவர் ஆங்கிலம் என்று நினைத்துக் காசு கொடுத்தார். கடைக்காரன் ஆங்கிலத்தின் ஓசையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். எடை போட்டுப் பார்க்கிற தராசு அவரிடம் இல்லை என்று கடைக்காரனுக்குத் தெரியும். பாலில் தண்ணீர் கலப்பவனைப் பிடிக்க ஒரு துறை இருக்கிறது. இதைப் பிடிக்க எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. வந்தால் ஆண்டு விழாவுக்குத் தலைமை விருந்தினராக வருகிறார்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனாராம். அரைநாள் கூலி போயிற்று. மிஸ் சொன்னார்: "உங்க பொண்ணுக்கு லாங்குவேஜ் ரொம்ப வீக்கும்மா. வீட்ல எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசிப் பழகுங்க." இதை மிஸ் சொன்னது தமிழில். மிஸ்ஸுக்கு அபராதம் போட்டதாகத் தகவல் இல்லை.

அன்று ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்று பாப்பாவே சொன்னாள். அப்பா சோற்றுத் தட்டைக் காட்டி 'ரைஸ்' என்றாராம். அம்மா 'வாட்டர்' என்றாராம். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தினமும் லாரியில் நடந்ததையெல்லாம் கதை கதையாகச் சொல்கிற அப்பா, அன்று மொத்தச் சாப்பாடும் முடியும்வரை வாயே திறக்கவில்லை. "ஜாலியா இல்ல அங்கிள்," என்றாள். ஒரு குழந்தை எந்த மொழியில் வாசிக்கக் கற்பதாக இருந்தாலும் அதற்கு முதலீடு இப்படிச் சாப்பாட்டு வேளையில் காதில் விழுகிற கதைகள்தான். அந்த முதலை ஒரே கூட்டத்தில் பிடுங்கிக்கொண்டு, மகள் ஏழை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று நாளைக்கு மேல் அந்தக் கூத்து தாங்கவில்லை. நாலாம் நாள் அப்பா பழையபடி தெலுங்கில் ஆரம்பித்துவிட்டார், ஏதோ சூளகிரிப் பக்கம் லாரிக்குக் குறுக்கே வந்த காட்டுப்பன்றிக் கதை. கீழிருந்து மூவரின் சிரிப்பும் மாடிவரை கேட்டது.

நான் ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் அம்மா படியேறி வந்தார். கையில் ஒரு ரசீது. காகத்துக்கு வாங்கிய பத்து ரூபாய்க்கான ரசீது. கையெழுத்து, முத்திரை எல்லாம் பக்காவாக இருந்தது. குளோபல் பள்ளியில் திருட்டுக் காசு வாங்க மாட்டார்கள்.

"சார், எதுக்கு பணம்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க. கொஞ்சம் படிச்சு சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் கோணல் கையெழுத்தில் ஒரே சொல்.

"'வெர்னாகுலர்'னு போட்டிருக்கும்மா."

"அப்படின்னா?"

"வீட்டுப் பேச்சுன்னு அர்த்தம்."

பாதி அர்த்தம்தான் சொன்னேன். இலத்தீனில் 'வெர்னா' என்றால், எசமான் வீட்டிலேயே பிறந்த அடிமை. சொல் அங்கிருந்துதான் வருகிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"வீட்டுப் பேச்சுக்கா பத்து ரூபா?" என்று கேட்டுவிட்டு, ரசீதை நாலாக மடித்தார். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து, ரேஷன் கார்டுக்கும் ஆதார் அட்டைக்கும் நடுவே பத்திரமாக வைத்துக்கொண்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் படியிறங்கிப் போனார்.